கிளெனிஸ் விற்ற கணப்புச் சீட்டு

எங்கள் ஊர் வெதர்பியில் வெள்ளிக்கிழமை மாலை பப்புக்குள் நுழைந்துவிட்டு, கிளெனிஸ் டிரிஃபிட்டிடம் குலுக்கல் சீட்டு வாங்காமல் வெளியே வந்த ஆள் கிடையாது. பின்கதவு வழியாக நழுவப் பார்த்தவர்கள் உண்டு. அவள் ஸ்டூலைப் போட்டு உட்காருவதே பின்கதவுப் பக்கம்தான்.

பரிசு எப்போதும் ஒரு இறைச்சித் தட்டு. கொஞ்சம் ஆட்டுக்கறி, கொஞ்சம் சாசேஜ், ஒரு கோழி. அதற்கு ஆசைப்பட்டு யாரும் சீட்டு வாங்குவதில்லை. கிளெனிஸின் வாய்க்குப் பயந்து வாங்குவார்கள். தீயணைப்பு வண்டிக்குப் புதுக் குழாய், பள்ளிக்கூடத்துக்குக் கூரை, மரம் வெட்டப் போய் இடுப்பை ஒடித்துக்கொண்டவன் வீட்டு வாடகை என்று இந்த ஊரில் பாதிக் காரியம் அவள் வாயால் நடந்தது. முப்பது வருஷமாக விற்கிறாள், தனக்கென்று ஒரு சீட்டு வாங்கியதில்லை. "விக்கிறவளே வாங்கினா, பொட்டியில கை வெச்ச மாதிரி" என்பாள்.

பகலில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். அறுபது வயது, குள்ளமான ஆள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு திண்டு போட்டால்தான் சாலை தெரியும். கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் மேற்கே சுரங்க வேலைக்கென்று போனான், போனவன் போனவன்தான். "போன் பில் மிச்சம்" என்றாள், அவ்வளவுதான் அவள் அதைப் பற்றிப் பேசியது. நான் வெண்டி, இதே ஊரில் பேக்கரி நடத்துகிறேன். தினமும் காலையில் பேருந்தை எடுக்கும் முன் என் கடையில் ஒரு சாசேஜ் ரோல் தின்றுவிட்டு, அதில் உப்பு போதாது என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அவள் வீடு அவளுடைய கொள்ளுத் தாத்தா கட்டியது. மலைச்சரிவில் ஆற்றைப் பார்த்து, மரக்கட்டைக் கால்கள்மேல் நிற்கும் பலகை வீடு. வெயில் காலத்தில் டாஸ்மேனியாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்தி, "எவ்வளவு அழகு!" என்று படம் எடுப்பார்கள். ஜூலை மாதக் கடுங்குளிரில் வந்து ஒரே ஒரு ராத்திரி அதற்குள் படுத்துப் பார்க்கட்டும். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் பனி உறையும். சமையலறைத் தரைப்பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் கீழே மேயும் கோழி தெரியும்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில், புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் இறங்கி வந்தான். செங்கல் எல்லாம் விரிசல், இனி இதில் தீ மூட்டினால் வீடே பற்றிக்கொள்ளும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அந்தக் குளிர்காலத்தை கிளெனிஸ் ஒரு சின்ன மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு தள்ளினாள். மலைச்சரிவில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அதுவும் போச்சு. ஆகஸ்டில் நிமோனியா வந்து ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூக்கில் குழாயோடு அவளைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

வெயில் கொளுத்தும் குவீன்ஸ்லாந்திலிருந்து தங்கச்சி நரெல் பறந்து வந்தாள். அம்மா எழுதி வைத்தபடி வீட்டில் பாதி அவளுடையது. நரெல் கெட்டவள் இல்லை, பயந்த சுபாவம்.

"அக்கா, இன்னொரு குளிர்காலம் இப்படிப் போச்சுன்னா உன்னைப் பொட்டியிலதான் வந்து பாக்கணும்," என்றாள். "வர்ற ஜூன் மாச மூணு நாள் விடுமுறைக்கு நான் வருவேன். அதுக்குள்ள வீட்டுல ஒழுங்கா ஒரு கணப்பு எரியணும். இல்லையா, வீட்டை வித்துடறோம். நீ என்கூட வந்துடறே."

"அங்க வந்து நான் என்ன பண்றது?"

"வெயில் காயலாம்."

"வெயில் காய நான் என்ன தோச்ச துணியா?"

வாய் அப்படிப் பேசினாலும், சரி என்று தலையாட்டிவிட்டாள். கிளெனிஸ் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அதை மாற்ற அவளாலேயே முடியாது.

மின்சாரத்தில் வெப்பக் காற்று ஊதும் பெட்டி ஒன்றை மாட்டிக்கொள்ளேன், இப்போது எல்லாரும் அதைத்தானே மாட்டுகிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"மரம் விழுந்து கரண்டு போற அன்னைக்குத்தான், வெண்டி, குளிரும். அன்னைக்கு அந்தப் பொட்டி செவுத்துல இருந்து என்னைப் பாத்துப் பல்லை இளிக்கும். எனக்கு விறகுதான் வேணும்."

அதிலும் நியாயம் இருந்தது. விறகுக் கணப்பு, அதுவும் இரும்பில், கண்ணாடிக் கதவு வைத்தது. புகைக்குழாய் மாட்டுகிற பிளம்பர் டாரிலைக் கூப்பிட்டோம். டாரில் நல்ல உயரம், பேச்சு மட்டும் மெதுவாக வரும். கணப்பின் விலையைச் சொன்னான். கிளெனிஸிடம் கிட்டத்தட்ட அவ்வளவு சேமிப்பு இருந்தது. கோடை விடுமுறையில் செர்ரிப் பழம் பெட்டி கட்டப் போய்ச் சேர்த்தது. அவள் முகம் மலர்ந்தது. அப்போதுதான் டாரில், கணப்பு ஒரு பசுமாட்டுக் கனம் இருக்கும், தரை தாங்குமா பார்க்கிறேன் என்று வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

"கிளெனிஸ், இந்த மூலைக்கு அடியில கட்டையே இல்ல. உளுத்துக் கொட்டிப்போச்சு."

"அப்ப வீடு எதுமேல நிக்குது?"

"பழக்கதோஷத்துல நிக்குது."

அதற்கப்புறம் அவன் சொல்லச் சொல்ல நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தரையைப் பிரித்துப் புதுக் கட்டை ஊன்ற வேண்டும். சாய்ந்த புகைபோக்கியை இடித்து இறக்க வேண்டும். கூரைத் தகடு மாற்ற வேண்டும். சுவருக்குத் தீக்காப்பு, தரைக்குக் கல், அப்புறம் நகராட்சி அனுமதி. கணப்பின் விலை ஒரு பங்கென்றால் அதை வைக்கிற செலவு மூன்று பங்கு. பழைய வீட்டில் ஒரு ஆணியைப் பிடுங்கினால் பத்து ஆணி விழும் என்பது எனக்கும் தெரியும், ஆனால் இப்படிச் சுவரோடு விழும் என்று நினைக்கவில்லை.

"உனக்காக ஒரு குலுக்கல் போடுவோம்," என்றேன்.

"நான் செத்தப்புறமா?"

"உயிரோட இருக்கும்போதே."

"வீடு எரிஞ்சவங்களுக்குப் போடலாம். கை கால் போனவங்களுக்குப் போடலாம். கணப்பு வாங்க வக்கில்லாதவளுக்கு எவனாவது போடுவானா? அப்படி ஏதாவது பண்ணினே, உன் கடைப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு மாவு பிசைகிற கையால் ஒன்று வைத்திருப்பேன். ஊருக்கெல்லாம் வாரிக் கொடுக்கும்போது வள்ளல். தனக்கென்று வாங்க வேண்டி வந்தால் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும். கொடுப்பது சுலபமான வேலை, அதில் தலை நிமிர்ந்தே இருக்கும்.

பப் நடத்தும் ராய்ஸிடம் போய்ப் புலம்பினேன். அவன் கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "சொல்லாம பண்ணிடுவோம்," என்றான்.

"சொல்லாம எப்படி? சீட்டு விக்கிறதே அவதானே!"

அதுதான் சங்கடம். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளிக்கிழமை ராய்ஸ் தானே சீட்டு விற்றுப் பார்த்தான். இறைச்சித் தட்டு வாங்கின காசுகூடத் தேறவில்லை. இந்த ஊரில் பணம் வசூலிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கடைசியில் ராய்ஸ் சொன்னான்: "அப்ப அவளையே விக்க விடுவோம். கால்பந்து மைதானத்துல பொண்ணுங்க உடுப்பு மாத்துற ரூமுக்குக் கணப்புன்னு சொல்லிடலாம். அந்த நாத்தத்துக்கு அவ உள்ள எட்டிக்கூடப் பாக்க மாட்டா."

"உண்மை தெரிஞ்சப்புறம்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

ஆண்கள் போடும் திட்டம் எல்லாம் அந்த இடம் வரைக்கும்தான் வரும். இருந்தாலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெரிய பரிசாக ஒரு டிரெய்லர் நிறையக் காய்ந்த விறகு என்று அறிவித்தோம். வருகிறவர் போகிறவர் காதில் விஷயத்தைப் போடுவது என் பொறுப்பு. ரொட்டியோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஊர் முழுக்கத் தெரியும். கெல் விகின்ஸுக்கு மட்டும் சொல்லவில்லை. கெல்லிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று. அதோடு அவன், ஒருமுறை போட்ட டீப் பையைக் காயவைத்து மறுபடி போடுகிற ஆள். அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் விட்டுவிட்டேன்.

அந்த இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். கிளெனிஸ் மைக்கைப் பிடித்துக் கரகரக் குரலில் விற்றாள் பாருங்கள், அப்படி அவள் என்றுமே விற்றதில்லை.

"என்னது, மூணே மூணா? அங்க சின்னப் பொண்ணுங்க ஈரச் சட்டையோட வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு நிக்குது, நீ கணப்புப் பக்கத்துல உக்காந்து பீர் குடிக்கறே! இந்தா, பத்தாப் பிடி!"

பள்ளிக்கூட வாத்தியார் சிரிப்பை அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடினார். திட்டு வாங்குவதற்கென்றே சிலர் வேண்டுமென்று குறைத்துக் கேட்டார்கள். கெல்லுக்கு மட்டும் இதில் எந்த வேடிக்கையும் தெரியாது.

"கெல், எத்தனை?"

"எனக்குக் கால்பந்தே பிடிக்காது."

"எனக்கு மட்டும் பிடிக்குதா? அதுக்காக அதுங்க வெறைச்சுச் சாகணுமா?"

"ரெண்டு குடு."

"ரெண்டு சீட்டு வாங்கின கையால பீரைத் தூக்க உனக்கு வெக்கமா இல்ல?"

"இல்ல."

வாரா வாரம் இரண்டு. அதற்கு மேல் ஒன்றுகூட அவனிடமிருந்து கறக்க முடியவில்லை. ஆனால் மற்றவர்கள் கொட்டினார்கள். மே மாதம் பிறந்தபோது கிட்டத்தட்டத் தேறிவிட்டது, டாரிலிடம் வேலையைத் தொடங்கு என்று சொல்லிவிட்டோம். அவனிடம் எல்லா விவரமும் சொன்ன ராய்ஸ், கிளெனிஸுக்கு இது தெரியாது என்ற ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டான்.

பெட்ரோல் பங்கில் பேருந்து நின்றபோது டாரில் ஜன்னல் பக்கம் வந்தான்.

"செவ்வாக்கெழம வந்து தரையைப் பிரிக்கறேன். கோழிங்களை வேற எடம் மாத்திடு."

"எந்தத் தரையை?"

"உன் வீட்டுத் தரையைத்தான். குலுக்கல் காசு வந்தாச்சுன்னு ராய்ஸ் சொன்னானே."

பேருந்தைப் பிள்ளைகளோடு என் கடை வாசலில் நிறுத்திவிட்டு அவள் உள்ளே வந்தாள். கடைக்குள் இருந்தவர்கள் நைசாக வெளியே போனார்கள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எனக்காக நானே பிச்சை எடுத்திருக்கேன், வெண்டி. மைக்ல. தொண்டை கிழிய."

"ஆமா. நல்லாத்தான் எடுத்தே," என்றேன். என் வாயும் சும்மா இருக்காது.

அவள் கண் கலங்கிவிட்டது. "ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கு."

"சிரிச்சோம்தான். சந்தோஷத்துல சிரிச்சோம். உனக்கு ஒரு தடவையாவது ஏதாவது பண்ண விட்டியா நீ? உன்னை ஏமாத்தினாத்தான் உண்டுன்னு வெச்சிருக்கே. ஆமா, ஏமாத்தினேன். மறுபடியும் ஏமாத்துவேன்."

"கால்பந்துப் பொண்ணுங்களுக்குன்னு என் வாயால சொல்லி வித்தேன். முப்பது வருஷத்துல சொன்ன காரியத்துக்கு இல்லாம ஒரு காசு மாறிப் போனதில்ல. வெள்ளிக்கெழம எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துடப் போறேன். அப்புறம் நரெலுக்குப் போன் பண்ணி, வீட்டை வித்துடலாம்னு சொல்லிடறேன்."

போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் கடைக்கு வரவில்லை. தினமும் ஒரு சாசேஜ் ரோலை எடுத்து வைத்து, மத்தியானம் நானே தின்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. இந்த வீடு போய், அவளும் போய், வெள்ளிக்கிழமையில் அந்தப் பின்கதவு ஸ்டூல் காலியாகக் கிடப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பப்பில் நிற்க இடமில்லை. கிளெனிஸ் பணப்பெட்டியை மேசைமேல் வைத்து மைக்கை எடுத்தாள். அதே கரகரக் குரல்தான், ஆனால் திட்டு இல்லை.

"நான் கால்பந்து ரூமுக்குன்னு சொல்லி உங்ககிட்ட சீட்டு வித்தேன். அது பொய்யாம். எனக்கே இந்த வாரந்தான் தெரியும். காசு திருப்பி வேணுங்கறவங்க வரிசையா வாங்க."

யாரும் அசையவில்லை. "எங்களுக்குத் தெரியும், கிளெனிஸ். தெரிஞ்சுதான் வாங்கினோம்," என்றார் வாத்தியார். ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் குரல் வந்தது.

"தெரிஞ்சு வாங்கினவங்க வேற. தெரியாம வாங்கின ஒருத்தர் இருந்தாலும் அது ஏமாத்து. அப்படி யாராவது இருக்கீங்களா?"

கெல் எழுந்தான்.

பப் முழுக்க ஒரு முனகல். "உக்காருடா கெல்," என்று ராய்ஸ் பல்லைக் கடித்தான். நான் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன், கையை உதறிவிட்டுப் போனான். மேசை முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து வாங்கின சீட்டு அத்தனையையும் ரப்பர் வளையம் போட்டபடி எடுத்து வைத்தான்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லல. நேத்துத்தான் பெட்ரோல் பங்குல காதுல விழுந்துச்சு," என்றான்.

கிளெனிஸ் காசை எண்ணிக் கொடுத்தாள். அந்த மனுஷன் அதை மறுபடி ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டான். அந்த நிமிஷம் அவனை அப்படியே தூக்கி ஆற்றில் போட்டிருப்பேன்.

"இது கால்பந்துக்குக் குடுத்தது," என்றான் கெல். "கால்பந்துக்கு ரெண்டு சீட்டே அதிகம்." பிறகு கோட்டுக்குள் கையை விட்டு மடித்த நோட்டுக் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். "உனக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் ரெண்டு ரெண்டா வாங்கியிருப்பேனா? என்னை என்னன்னு நெனச்சீங்க எல்லாரும்?"

கிளெனிஸ் நோட்டுக் கட்டைப் பார்த்தாள், தொடவில்லை. "எனக்கு வேணாம், கெல்."

"என் பொண்டாட்டி மெரில் சாகக் கெடந்தப்ப, ஹோபார்ட்டுக்குக் கூட்டிப்போகப் பெட்ரோலுக்கு எங்கிட்டக் காசு இல்ல. ஊரு கஞ்சப்பயன்னு சொல்லிச்சு, நெஜத்துல கையில ஒண்ணுமே இல்ல. நீதான் இதே ஸ்டூல்ல உக்காந்து வித்தே. வாசல்ல வந்து ஒரு கவரைக் குடுத்தே. அன்னைக்கு ராத்திரியெல்லாம் எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. ஆனா வாங்கிக்கிட்டேன்ல?" அவன் நோட்டுக் கட்டை அவள் பக்கம் தள்ளினான். "வாங்கிக்கிட்டேன்ல, கிளெனிஸ்? நான் வாங்கினது கேவலம்னா இப்பவே சொல்லிடு."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் அந்தக் குள்ளமான தோள் இரண்டும் குலுங்க, எல்லார் முன்னாலும் அழுதாள். நானும்தான் அழுதேன், ராய்ஸ் திரும்பிக்கொண்டு ஏற்கெனவே துடைத்த கிளாஸைத் துடைத்தான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் நோட்டுக் கட்டைப் பெட்டிக்குள் போட்டாள். "சீட்டு எத்தனை?"

"சீட்டெல்லாம் வேணாம்."

"சீட்டில்லாம நான் காசு வாங்கினதே இல்ல."

"அப்ப கிழி."

சீட்டுப் புத்தகம் முழுவதையும் கிழித்துக் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையே, கால்பந்து அறைக்கு நிஜமாகவே கணப்பு வாங்கப் புதுக் குலுக்கலும் தொடங்கிவிட்டாள். சொன்ன சொல் சொன்னதுதானாம். கெல் இரண்டு வாங்கினான்.

ஜூன் விடுமுறைக்கு நரெல் வந்த அன்று மழையும் பனியும் கலந்து பெய்தது. நானும் ரொட்டி கொண்டு போயிருந்தேன். புதுத் தரையில் புதுக் கல்லின்மேல் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நரெல் இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வந்தவள் கணப்பைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், ஒரு கோட்டைக் கழற்றினாள். கொஞ்சம் கழித்து இன்னொன்றையும் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் பொறந்து வளந்த வீடு இது," என்றாள். "குளிர்காலத்துல இந்த வீட்டுக்குள்ள நான் கோட்டைக் கழட்டறது இதுதான் மொதல் தடவை. இந்த ஊரை விட்டு நான் ஓடினதே குளிருக்குப் பயந்துதான், தெரியுமா?"

"தெரியும்," என்றாள் கிளெனிஸ். "கொஞ்சம் நகந்து உக்காரு. எனக்கும் எடம் விடு."